டாக்டர் ஷானைப் பற்றி ஓர் இரகசியக் கடிதம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் சகலருக்கும், குறிப்பாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் வயதை எட்டிவிட்டவர்களுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்நாட்டு மருத்துவத் துறையின் தலையெழுத்தையே திருத்தி எழுதும் உன்னத நோக்கத்தோடு, டத்தோ பழனியப்பன் அறக்கட்டளை, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக, இளம் மருத்துவர்களுக்கான தலைமைத்துவ மற்றும் உரிமைக்குரல் பயிற்சிக்கு நிதியளிக்க முன்வந்துள்ளது. தேர்வு பெறுபவர் மூன்று வாரம் லண்டனிலும், அதன்பின் ஆறு மாதம் வார இறுதிகளில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பயில்வார். முழுச் செலவும் அறக்கட்டளையின் பொறுப்பு. இடம்: ஒன்று.

அறக்கட்டளையின் வரலாறு மொத்தமே பதினான்கு மாதம்தான் என்பது அறிவிப்பில் இல்லை. டத்தோ பட்டம் வாங்கிய பழனியப்பன், ஊரார் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கனோப்பிப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டு மேலே வந்தவர் என்பதும் இல்லை. அதைச் சொல்லவும் தேவையில்லை. அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புச் சாயத்தில் அவர் பெயர் அச்சடித்திருக்கும். கிள்ளானில் பிறந்த எவனும் வாழ்நாளில் ஒரு முறையாவது அந்தப் பெயரின் மேல் சாய்ந்து பிரியாணி சாப்பிட்டிருப்பான்.

தனேஷும் சாப்பிட்டிருக்கிறான். வயது இருபத்தொன்பது. கிள்ளானில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பந்த மருத்துவர். ஒப்பந்தம் எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியும், அதற்கு மேல் என்ன என்று யாருக்கும் தெரியாது. அறிவிப்பைப் படித்தபோது லண்டனில் குளிர்கோட்டோடு ஒரு மேடையில் நிற்கும் தன்னையே அவன் கண்டான். அடுத்த நொடியே அந்தக் கோட்டுக்குள் ஷான் நின்றான். ஷானுக்குத்தான் அது அளவாகவும் இருந்தது.

ஷானைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஷான், அதே வார்டில் அதே ஒப்பந்தத்தில் அதே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டாக்டர். தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து வாசி. யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், அப்பா சிவசம்பு ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஷான் ஆறடி உயரம். நோயாளிகள் தனேஷைப் பார்த்ததும், "அந்த உயரமான டாக்டர் இன்னிக்கு லீவா?" என்று கேட்பார்கள். தனேஷ் மூன்று குத்துக் குத்தியும் அகப்படாத நரம்பு, ஷான் வந்து கையைத் தொட்டதும் தானாக எழுந்து நிற்கும். இருபத்து நான்கு மணி நேர வேலை முடிந்து வெளியே வரும்போது தனேஷ் இரண்டு நாள் ஊறப்போட்ட துணி மாதிரி இருப்பான். ஷான் அப்போதுதான் இஸ்திரி போட்டது போல இருப்பான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு: ஷான் நல்லவன். பொறாமைப்பட வசதியான ஆள் என்றால் அவனிடம் கொஞ்சம் திமிராவது இருக்க வேண்டும். ஷான் அந்த உதவியைக்கூடச் செய்யவில்லை. தீபாவளி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாகத் தனேஷ் தீபாவளியை வார்டில், ட்ரிப் பாட்டில்களுக்கு நடுவே கொண்டாடினான். இந்த வருஷம் ஆள் பற்றாக்குறை, இருவரில் ஒருவர்தான் விடுப்பு எடுக்கலாம் என்று மேலிடம் சொன்னபோது ஷான் யோசிக்கவேயில்லை.

"நீ எடுத்துக்க மச்சான். எங்க வீட்டுல தோசை சுட்டு சாமி கும்பிட்டா முடிஞ்சிரும். உங்கம்மா பாவம்லா, மூணு வருஷமா முறுக்கு டின்னோட வார்டுக்கு வராங்க. அன்னிக்கு ஆன்-கால் டியூட்டிய நான் பாத்துக்கறேன்."

தனேஷ் நன்றி சொன்னான். அன்று முழுவதும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பயிற்சி விஷயத்திலும் ஷான் அதையேதான் செய்தான். கேன்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், அந்த லண்டன் திட்டம் பாத்தியா? ஒரு சீட்டுதான் லா. நீ போடறியா?"

"நீ?"

"நீ போட்டா நான் போடல."

மனிதனுக்குக் கோபம் வர இதைவிட வேறு என்ன வேண்டும்? விட்டுக்கொடுக்கப்பட்ட இடத்தில் ஜெயித்தால் அது ஜெயிப்பா? "அதெல்லாம் வேணாம்டா, ரெண்டு பேரும் போடுவோம்," என்றான் தனேஷ், குரலில் பெருந்தன்மையைத் தாராளமாக ஊற்றி.

"சரி. கூட வேலை பாக்கறவங்க ஒருத்தர் லெட்டர் குடுக்கணுமாம். உனக்கு நான் எழுதறேன், எனக்கு நீ எழுது."

இதில் புதுமை ஒன்றும் இல்லை. பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்த நாளிலிருந்து ஷிஃப்ட் மாற்றுவதும், தாப்பாவ் என்று பொட்டலச் சாப்பாடு வாங்கி வருவதும், ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடுவதும் அங்கே நடைமுறை.

"தமிழ்லதான் எழுதணுமாம், பாத்தியா?" என்றான் தனேஷ்.

ஷானின் முகம் விழுந்தது. "அதான் பயமா இருக்கு. என் தமிழ் உனக்குத் தெரியும்ல."

தெரியும். ஷான் படித்தது தேசியப் பள்ளியில். தனேஷ் ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்து, மாநில அளவில் கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கியவன். அந்தக் கோப்பை இன்னும் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உலகத்தில் ஷானைவிட அவன் நன்றாகச் செய்யக்கூடியது அந்த ஒன்றுதான். அன்று முதன்முறையாக அவனுக்கு நாசி லெமாக் ருசித்தது.

வீட்டில் அம்மா தங்கமணி, மகன் லண்டன் போகப்போவதை அதற்குள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். எதிர்வீட்டுச் சீனக் கிழவிக்குக்கூட மலாயில் சொல்லியாகிவிட்டது.

"இன்னும் அப்ளையே பண்ணலம்மா."

"பண்ணினா கெடைக்காமலா போயிரும்? எம்புள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்று சோற்றைப் போட்டவர், கரண்டியை நிறுத்திக் கேட்டார்: "ஷான் தம்பியும் போடுதா?"

"போடறான்."

"அப்ப கஷ்டந்தான்," என்றார் அம்மா. இரசத்தை ஊற்றினார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் தனேஷ் தாங்கியிருப்பான். அம்மா அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, வார்டு பேன்ட்ரியில் இருந்த பழைய கணினியின் முன் அவன் உட்கார்ந்தான். படிவத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் இருந்தது: 'இக்கடிதத்தின் இரகசியம் காக்கப்படும்.' அந்த வரியைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலகியது.

பொய் எழுதுவதில்லை என்று தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டான். பொய் எழுதுகிறவன் பொறாமைக்காரன். உண்மையை எழுதுகிறவன் பொறுப்பான சக ஊழியன். ஷானைப் பற்றிய உண்மைகள் நிறையவே இருந்தன. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகலாம்: ஆஸ்பத்திரியில் இளம் டாக்டருக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த பெயர், பெயரே இல்லாமல் இருப்பது. துறைத் தலைவருக்கு உன் பெயர் தெரியவில்லையென்றால் நீ நல்ல டாக்டர். தெரிந்துவிட்டால் நீ ஒரு 'பிரச்சினை'. ஷானின் பெயர் துறைத் தலைவருக்கு மட்டுமல்ல, அவருடைய கார் ஓட்டுநருக்கும் தெரியும்.

தனேஷ் தட்டச்சு செய்தான். கட்டுரைப் போட்டிக்குப் பிறகு இத்தனை சரளமாக அவனுக்குத் தமிழ் வந்ததேயில்லை.

மைலோ கலக்க வந்த சிஸ்டர் லோகேஸ்வரி அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருஷம் அந்த வார்டில் இருப்பவர். டாக்டர்கள் வருவார்கள் போவார்கள் என்ற தெளிவு முகத்தில் நிரந்தரமாக இருக்கும்.

"என்ன டாக்டர், இவ்ளோ சிரிச்சிக்கிட்டே டைப் பண்றீங்க? லவ் லெட்டரா?"

"இல்ல சிஸ்டர். ஷானுக்கு ரெஃபரன்ஸ்."

"ஓ," என்றார் சிஸ்டர், மைலோவைக் கலக்கிக்கொண்டே. "டெத் சர்ட்டிஃபிகேட் எழுதும்போதுதான் நீங்க இப்படி நிறுத்தி நிதானமா எழுதுவீங்கன்னு நெனச்சேன்."

கடிதம் முடிந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி பொடி எழுத்தும், ஒரு கட்டமும், ஒரு கோடும் இருந்தன. ஒரு நாளைக்கு அறுபது இடத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதன் என்ன செய்வானோ அதையே தனேஷும் செய்தான். கட்டத்தில் டிக், கோட்டில் கையெழுத்து. ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு வார்டுக்குத் திரும்பினான். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பாட்டியின் நரம்பு அவனுக்கு முதல் குத்திலேயே அகப்பட்டது. நல்ல சகுனம்.

மூன்று வாரம் கழித்து, அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் விழா. விண்ணப்பித்தவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வரவேண்டும், பெயர் மேடையில்தான் அறிவிக்கப்படும் என்று அழைப்பிதழ் சொன்னது. தனேஷ் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் புதுச் சட்டை எடுத்தான். அம்மா பட்டுச்சேலையில் வந்தார். மண்டபத்துக்கென்று சொந்தமாகக் குஷன் நாற்காலிகள் இருந்தும், டத்தோ கிள்ளானிலிருந்து லோரியில் தம் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். நானூறு முதுகுகளில் நானூறு பழனியப்பன்கள்.

பத்து மணி விழா பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்ற ஐந்து திரிக்கு ஒன்பது பிரமுகர்கள் அழைக்கப்பட்டதால் சிறு நெரிசல் ஏற்பட்டது. ஷான் தன் அப்பாவோடு முன்வரிசையில் இருந்தான். தனேஷைக் கண்டதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தனேஷும் காட்டினான். ஒப்பிட்டால் அவனுடைய கட்டைவிரலும் குட்டைதான்.

டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார். எழுதிக் கொடுத்திருந்த உரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார்.

"போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். ஒம்போது மணி நேரம் வராந்தாவுல தள்ளுவண்டியில கெடந்தேன். பெட் இல்ல. ஒரு சின்னப் புள்ள, டாக்டர்தான், தங்கமான புள்ள, அஞ்சு தடவ வந்து 'சாரி அங்கிள்'னு சொல்லிட்டுப் போச்சு. நான் கேட்டேன், 'ஏய்யா, மேல போய்ச் சத்தம் போட்டுக் கேளேன்யா'ன்னு. 'அப்படில்லாம் கேக்க முடியாது அங்கிள்'னுச்சு. எனக்கு வலி போச்சு, கோவம் வந்துச்சு. நான் நாற்காலி விடறவன். கல்யாணத்துல பத்து நாற்காலி கொறஞ்சா மாப்ள வூட்டுக்காரன் என் சட்டையப் புடிப்பான். பெட்டு கொறஞ்சா கேக்க ஒரு டாக்டரு இல்ல! படிப்பு இருக்கு, வாயி இல்ல. அதான் சொன்னேன், வாயி இருக்கிற ஒரு புள்ளையக் கண்டுபுடிங்க, என் காசப் போட்டு அந்த வாயத் தீட்டி விடுவோம்னு."

கைதட்டல். தனேஷ் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அறக்கட்டளைச் செயலாளர் ராஜன் எழுந்து வந்தார். திருமண மண்டபங்களில் வாழ்த்துமடல் வாசித்துப் பழகிய குரல். கையில் ஒரு தாள். "நாற்பத்தொரு விண்ணப்பங்கள். அத்தனை கடிதங்களும் பாராட்டுக் கடிதங்கள். படித்துப் படித்துத் தேர்வுக்குழுவுக்குத் திகட்டிவிட்டது. ஒரே ஒரு கடிதம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. இரகசியக் கடிதம்தான். ஆனால் இப்படிப்பட்ட தமிழை இரகசியமாக வைத்திருப்பது பாவம் என்று டத்தோ சொல்லிவிட்டார்."

அவர் வாசித்தார்.

"'டாக்டர் ஷானிடம் அடங்கிப் போகும் குணம் அறவே இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். துறைத் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்குகிறார். இரவு வேலை முடிந்த மருத்துவர்களை நண்பகலுக்குப் பின்னும் ஏன் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று முப்பது பேர் முன்னிலையில் கேட்டார்.'"

கைதட்டல்.

"'மருத்துவர் ஓய்வறையில் குளிர்சாதனம் பழுதானபோது நிர்வாகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். பதில் வராததால் நான்கின் நகலையும் மின்தூக்கிக்கு அருகில் ஒட்டினார். துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கையுறை கொடுக்கப்படவில்லை என்ற, தமக்குச் சற்றும் தொடர்பில்லாத விவகாரத்தில் அவர்களோடு போய் அலுவலக வாசலில் நின்றார். மேலதிகாரி போதும் என்று சொன்னால், இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்று இவர் எடுத்துக்கொள்கிறார்.'"

யாரோ விசில் அடித்தார்கள். முன்வரிசையில் பெரிய கிராணி சிவசம்பு கைக்குட்டையை எடுத்தார்.

"'இவரோடு வேலை செய்வது களைப்பூட்டும் அனுபவம். இவர் இருக்கும்வரை மேலிடத்துக்கு நிம்மதி இல்லை.'" ராஜன் தாளை இறக்கினார். "இதைவிட ஒரு சான்று வேண்டுமா? டாக்டர் ஷான், மேடைக்கு வாங்க! அப்புறம், போட்டியில் தானும் இருந்துகொண்டு, நண்பனுக்காக இப்படி ஒரு கடிதம் எழுதிய அந்த உத்தமர், டாக்டர் தனேஷ், நீங்களும் வாங்க!"

தனேஷ் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மா இடுப்பில் குத்தி எழுப்பினார். "போய்யா! உன்னத்தான் கூப்புடறாங்க!"

மேடையில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஷானுக்குப் போட்ட அதே நீளம். ஷானுக்குத் தோளில் நின்றது, அவனுக்குக் காலில் தட்டியது. நானூறு நாற்காலிகளும் எழுந்து நின்றன. எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது அவன் அம்மா. பிள்ளை தோற்றதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

ஷான் அவனைக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"இத்தன நாளா நீ என்னப் பத்தி இப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தியாடா?"

"ஆமா," என்றான் தனேஷ். அந்த விழாவில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

வாழையிலைச் சாப்பாட்டு வரிசையில் செயலாளர் ராஜன் அவனைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க டாக்டர். ஒங்களுக்கு டாக்டர் ஷான் எழுதுன லெட்டரையும் படிச்சோம். சின்ன லெட்டருதான், ஆனா அன்பா எழுதியிருந்தாரு."

"என்ன எழுதியிருந்தான்?"

ராஜன் நினைவுபடுத்திக்கொண்டு, சிறுபிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "தனேஷ் ரொம்ப நல்லவன். யாரிடமும் சண்டை போட மாட்டான். யாரையும் கேள்வி கேட்க மாட்டான். என்ன வேலை சொன்னாலும் ஓகே பாஸ் என்பான். இவன் இருந்தால் வார்டில் சத்தமே இருக்காது. இவனுக்குத்தான் கொடுக்க வேண்டும்." அவர் பெருமூச்சு விட்டார். "டத்தோ அதக் கேட்டுட்டு, 'அன்னிக்கு என் தள்ளுவண்டிகிட்ட நின்ன புள்ள இதானா பாருங்க'ன்னாரு. இல்லதானே டாக்டர்?"

"இல்ல," என்றான் தனேஷ். அவன்தானோ என்று ஒரு நொடி அவனுக்கே சந்தேகம் வந்தது. வராந்தாவில் எத்தனையோ அங்கிள்கள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்," என்று ராஜன் பாயசக் கிண்ணத்தை அவன் கையில் திணித்தார். "அந்த மூணாம் பக்கம். நாப்பத்தோரு பேர்ல முக்காவாசிப் பேர் அதுல டிக் பண்ணவேயில்ல, தெரியுமா? நீங்க யோசிக்காமப் பண்ணியிருந்தீங்க. லண்டன் போறவருக்கு அதனாலதான் ஒரு தடங்கலும் இல்ல. ஒங்க துறைத் தலைவருக்கு வெள்ளிக்கெழமையே ஒரு காப்பி அனுப்பிட்டோம்."

"மூணாம் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

ராஜன் சிரித்தார். இவ்வளவு அடக்கமான மனிதரை அவர் பார்த்ததில்லை. அதற்குள் யாரோ அழைக்க, வடைத் தட்டோடு போய்விட்டார்.

புறநகர்க் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும்போது அம்மா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சுபாங் ஜெயா நிலையம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப லண்டன் யாருக்கு?"

"ஷானுக்கு."

"அதான் நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் அம்மா. பிறகு, மகனின் முகத்தைப் பார்த்து, "பரவால்ல விடு. இந்த வருஷம் தீபாவளிக்கு நீ வீட்டுல இருக்கே. எனக்கு அது போதும்," என்றார்.

திங்கட்கிழமை காலை அவன் வார்டுக்குள் நுழைந்தபோது சிஸ்டர் லோகேஸ்வரி அறிவிப்புப் பலகையில் நவம்பர் மாத வேலை ரோஸ்டரையும், பக்கத்தில் தனேஷ் கையெழுத்துப் போட்ட மூன்றாம் பக்கத்தின் நகலையும் ஒட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும், வழக்கமில்லாத மரியாதையோடு ஒதுங்கி வழிவிட்டார்.

ஷான் லண்டனில் இருக்கும் மூன்று வாரத்தில் அவனுக்கு விழுந்திருந்த ஆறு ஆன்-கால்களும் தனேஷ் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தன. அதில் ஒன்று தீபாவளி.